கைரேகையும் பாட்டும்

(கோலார் தங்கவயலில் நடைபெற்ற தொழிலாளர் கலை இலக்கிய மாலையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1930 ஏப்ரலில் இந்தத் தங்கவயலில் 21 நாள்கள் நீடித்த வேலைநிறுத்தம் ஒன்று நடந்தது. அதன் உடனடிக் காரணம் கூலி அன்று, கைரேகை. ஒவ்வொரு தொழிலாளியும் தன் விரல்களை மையில் தோய்த்துப் பதிந்து, பதிவுச் சான்று ஒன்றைப் பெற்றாக வேண்டும் என்று சுரங்கக் கம்பெனிகள் உத்தரவிட்டன. ஒரு சுரங்கத்தில் ‘வேண்டாதவன்’ என்று விலக்கப்பட்டவன் வேறு சுரங்கத்தில் நுழைந்துவிடாமல் தடுப்பதே அந்தச் சான்றின் பயன். கைரேகை குற்றவாளியிடம் வாங்கப்படுவது. உழைப்பவனிடம் அதைக் கேட்பது மானக்கேடு என்று தொழிலாளர்கள் கொதித்தனர். மைசூர் சமஸ்தானத்தில் தொழிற்சங்கங்களுக்குச் சட்ட ஏற்பு இல்லாத காலம் அது. இருந்தும் ஆயிரக்கணக்கானோர் சுரங்கத்தில் இறங்க மறுத்தனர்.

“நீ யார்? தாளைக் காட்டு” என்று உழைப்பவனைக் கேட்கும் அதிகாரம் தங்கவயலுக்கு மட்டும் உரியதன்று. இலங்கையின் தேயிலை மலைகளிலும் மேற்கு ஆப்பிரிக்காவின் கோக்கோத் தோட்டங்களிலும் அதே கேள்வி கேட்கப்பட்டது. அக்கேள்விக்குப் பாட்டால் பதில் சொன்னவர்கள் உண்டு. அவர்களுள் ஒருவரான டிக்கென் ஜா ஃபகோலி என்னும் ரெகே பாடகரின் வாழ்வும் இசையுமே இன்றைய உரையின் பொருள். அவரோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய தமிழ்ப் பாடகர் ஒருவரும் பின்னால் வருவார்.

ரெகே என்னும் இசை

ரெகே 1960களின் இறுதியில் ஜமைக்காத் தீவில் உருவான இசை. ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் பிணைத்துக் கொண்டுபோகப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்கள் கிங்ஸ்டன் நகரத்துச் சேரிகளில் இதை வளர்த்தெடுத்தார்கள். இதன் தாளக்கட்டு தனித்தன்மை வாய்ந்தது. நான்கு அடிகள் கொண்ட தாளத்தில் பிற இசைகள் அழுத்தம் கொடுக்கும் முதல் அடியை, ரெகேயின் பெரும்பாலான பாடல்கள் வெறுமையாக விட்டுவிடும். முரசின் கனத்த ஒலி மூன்றாம் அடியில் வந்து விழும். கிதார், அடிகளுக்கு இடைப்பட்ட எதிரடியில் வெட்டி வெட்டி ஒலிக்கும். எடுத்த எடுப்பில் ஓங்கி அடிக்காமல் பொறுத்திருந்து அடிக்கும் இசை என்று இதைச் சொல்லலாம்.

1980 ஏப்ரலில் ஜிம்பாப்வே விடுதலை பெற்றபோது அந்நாட்டின் விடுதலை விழா மேடையில் பாப் மார்லி பாடினார். அடிமைக் கப்பலில் போன தாளம் பாட்டாகத் திரும்பி வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஆப்பிரிக்காவே தன் ரெகே பாடகர்களைப் பெற்றெடுத்தது. ஐவரி கோஸ்ட் நாட்டின் ஆல்ஃபா பிளாண்டி 1982-இல் தம் முதல் தொகுப்பை வெளியிட்டார். காவல்துறையின் அடாவடியைச் சாடிய அவரது பாட்டு நாடெங்கும் ஒலித்தது. நைஜீரியாவில் மஜெக் ஃபாஷெக் எழுந்தார். பிளாண்டியைக் கேட்டு வளர்ந்த அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவர் டிக்கென் ஜா.

கொல்லர் வீட்டுப் பிள்ளை

டிக்கென் ஜா ஃபகோலியின் இயற்பெயர் மூசா தும்பியா. 1968-இல் ஐவரி கோஸ்ட்டின் வடமேற்கு மூலையில் உள்ள ஒடியென்னே என்னும் ஊரில் கொல்லர் குடும்பத்தில் பிறந்தார். 13-ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாட்டாவின் படைத்தலைவர்களுள் ஒருவர் ஃபகோலி; அவர் வழிவந்தோர் என்று இக்குடும்பம் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. பாடகர் பெயரில் உள்ள ‘ஃபகோலி’ அங்கிருந்து வந்தது.

தமிழர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டே மக்களிடம் தொழில்வழிப் பிறப்புப் பிரிவுகள் இருந்தன; இன்றும் அவற்றின் தடம் அழியவில்லை. கொல்லர், தோல் பதனிடுவோர், பாடுவோர் ஆகியோர் ‘நியாமகலா’ என்னும் வகுப்பினர். அவர்கள் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொள்ள வேண்டும். பாடுவோருக்கு ‘ஜெலி’ என்று பெயர். குடிவரலாற்றை நினைவில் சுமப்பவர்கள் அவர்கள். அரசனின் முன்னோரைப் பாடுபவர்கள் அவர்கள். உறவில் பிணக்கு வந்தால் தூது போகிறவர்களும் அவர்களே. மக்கள் அவர்களின் சொல்லுக்கு அஞ்சுவர்; ஆனால் அவர்கள் வீட்டில் பெண்ணெடுக்க மாட்டார்கள். பாணரையும் பறையரையும் துடியரையும் சிறந்த குடிகளாகச் சொன்ன புறநானூற்றுக் காலம் ஒன்று நமக்கும் இருந்தது. பின்னால் அதே பறையைச் சாவு வீட்டுக்கென ஒதுக்கி, அதை அடித்தவரை ஊருக்கு வெளியே நிறுத்திய காலமும் வந்தது. பாட்டு வேண்டும், பாடுகிறவன் தள்ளியிருக்க வேண்டும் என்னும் வழக்கம் கடல் கடந்தும் இருந்திருக்கிறது.

1987-இல் ஒடியென்னேயில் அந்த இளைஞர் தொடங்கிய இசைக்குழுவுக்கு ‘ஜெலிகள்’ என்றே பெயர் வைத்தார். கொல்லர் குடும்பத்துப் பிள்ளை பாணர் பெயரை விரும்பி எடுத்துக்கொண்டார். பழைய ஜெலி புரவலனைப் புகழ்ந்து பரிசில் பெற்றான். இந்தப் புதிய ஜெலி புரவலனிடம் கணக்குக் கேட்டார்.

கோக்கோவும் மண்ணின் மைந்தரும்

அவர் கேட்ட கணக்கைப் புரிந்துகொள்ள அந்நாட்டின் பொருளாதாரத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். உலகின் கோக்கோவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஐவரி கோஸ்ட்டில் விளைகிறது. தெற்கின் காடுகளை வெட்டித் தோட்டமாக்கியதில் பெரும்பங்கு வடபுலத்தாருக்கும், பிரெஞ்சு ஆட்சிக் காலம் முதலே பர்கினா ஃபாசோ, மாலி ஆகிய நாடுகளிலிருந்து வந்த கூலிகளுக்கும் உரியது. 1960-இல் விடுதலை பெற்ற நாட்டின் முதல் அதிபர் ஊஃபுவே-புவான்யி, நிலம் அதைப் பண்படுத்துகிறவனுக்கே உரியது என்று அறிவித்தார். ஏழைகள் மீதான கனிவு மட்டும் அதற்குக் காரணமன்று. ஏற்றுமதிக்குக் கோக்கோ வேண்டும், கோக்கோவுக்குக் கை வேண்டும். கைகள் தேவைப்பட்டவரை, அந்தக் கைகளின் ரேகையை யாரும் கேட்கவில்லை.

1980களின் இறுதியில் உலகச் சந்தையில் கோக்கோ விலை சரிந்தது. கடன், ஆட்குறைப்பு, பன்னாட்டு நிதியத்தின் நிபந்தனைகள் எல்லாம் தொடர்ந்து வந்தன. 1993 டிசம்பரில் முதல் அதிபர் மறைந்தார். அடுத்து வந்த ஆட்சியாளர்களுக்கு வேலையும் விலையும் கொடுக்க வழியில்லை. பழி போட ஓர் ஆள் மட்டும் தேவைப்பட்டது. அப்போது மேடையேறிய சொல்தான் ‘இவ்வாரிடே’. தமிழில் ‘மண்ணின் மைந்தர் தன்மை’ என்று அதைச் சொல்லலாம். தாய், தந்தை இருவரும் பிறப்பால் இந்நாட்டவராக இருந்தால்தான் அதிபர் தேர்தலில் நிற்கலாம் என்று சட்டம் வந்தது. ஊர்ப்புற நிலத்தின் உடைமை இந்நாட்டவருக்கு மட்டுமே என்று 1998-இல் இன்னொரு சட்டம் வந்தது. அதே ஆண்டின் கணக்கெடுப்பில், நாட்டில் வாழ்ந்தவர்களில் நான்கில் ஒருவர் அயல்நாட்டவர் என்று பதியப்பட்டிருந்தது. அவர்களோடு, வடபுலத்துப் பெயரும் முஸ்லிம் அடையாளமும் கொண்ட சொந்த நாட்டு மக்களும் ஐயத்துக்கு உள்ளானார்கள். சாலைச் சோதனையில் அடையாள அட்டையை வாங்கிக் கிழித்தெறியும் காவலர்களை வடபுலத்து மக்கள் சந்தித்தனர்.

டிக்கென் ஜாவின் பாட்டு நாடறிந்த பாட்டானது இந்தச் சூழலில்தான். 1996-இல் வெளிவந்த தொகுப்புக்கு அவர் இட்ட பெயர் ‘மான்ஷேக்ரசி’. ‘உண்ணுதல்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லையும் ‘மக்களாட்சி’ என்னும் சொல்லையும் ஒட்டவைத்து அவர் ஆக்கிய சொல் அது. ‘வயிற்றாட்சி’ என்று நாம் தமிழாக்கிக்கொள்ளலாம். மக்களாட்சி பேசுகிறவர்களே, முதலில் சோற்றுக்கு வழி சொல்லுங்கள் என்பது அதன் சாரம். 1999-இல் ‘வரலாற்றுப் பாடம்’ வந்தது. ஆட்சியாளர்கள் பிறப்பைக் கிளறியபோது அவர் இனக்குழுக்களின் இடப்பெயர்ச்சி வரலாற்றைப் பாட்டாக்கினார்.

1999 டிசம்பர் 24 அன்று படைத்தலைவர் ராபர்ட் கெய் ஆட்சியைப் பிடித்தார். சீர்செய்துவிட்டுப் போய்விடுவேன் என்றவர், அடுத்த ஆண்டுத் தேர்தலில் தாமே வேட்பாளராக நின்றார். அந்த 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த டிக்கென் ஜாவின் தொகுப்புக்குப் ‘பச்சோந்தி’ என்று பெயர். கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

அவர் ஜூலா மொழியிலும் பிரெஞ்சிலும் பாடினார். ஜூலா, மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளின் பொதுமொழி. பள்ளிக்கூடம் போகாதவருக்கும் புரிவது. பிரெஞ்சு, அதிகாரத்தின் மொழி. ஏழைகளோடு பேச ஒன்று, அதிகாரத்துக்குக் கேட்கும்படி பேச மற்றொன்று. ஒலிநாடாக்கள் வழியாக அப்பாட்டுகள் சந்தைக்குச் சந்தை பரவின.

அட்டைக்கான போர்

2002 செப்டம்பர் 19 அன்று ஐவரி கோஸ்ட்டில் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. நாடு வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிளந்தது. கிளர்ச்சியாளர்கள் முன்வைத்த காரணங்களுள் அடையாள அட்டை மறுக்கப்பட்டதும் ஒன்று. ஒரு தாளுக்காக ஒரு நாடு போருக்குப் போகுமா என்று வியப்பவர்கள், தாள் இல்லாதவன் என்னென்ன இழக்கிறான் என்று எண்ணிப் பார்க்கட்டும்: வாக்கு, நிலம், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை, சாலையில் அச்சமின்றி நடக்கும் உரிமை.

டிக்கென் ஜாவுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் அண்டை நாடான மாலிக்குச் சென்று, தலைநகர் பமாக்கோவில் குடியேறினார். தம் நாட்டிலேயே அயலார் ஆக்கப்பட்டவர்களைப் பாடியவர், இப்போது தாமே அயல்நாட்டில் வாழ நேர்ந்தது.

அதே 2002-இல் வெளிவந்த ‘ஃப்ரான்சாஃப்ரிக்’ அவரை உலகறியச் செய்தது. பாப் மார்லியின் குழுவில் இசைத்த டைரோன் டவுனியின் தயாரிப்பில், ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பதிவான தொகுப்பு அது. கொடி இறங்கிய பிறகும் பிரான்ஸ் தன் முன்னாள் குடியேற்ற நாடுகளைப் படைத்தளங்களாலும் கம்பெனிகளாலும் பிடித்துவைத்திருந்த ஏற்பாட்டுக்கு ஃப்ரான்சாஃப்ரிக் என்று பெயர். 1945-இல் உருவாக்கப்பட்ட சி.எஃப்.ஏ. பிராங்கு என்னும் நாணயமும் அதில் அடக்கம். பொருளாதார நூல்களில் இருந்த செய்தியைப் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுவந்தது அந்தப் பாட்டு. 2003-இல் பிரான்சின் தேசிய இசை விருதே அத்தொகுப்புக்குக் கிடைத்தது. சாடப்பட்டவர்களே மாலை சூட்டுவதும் ஏகாதிபத்தியத்தின் ஒரு கலை. மாலை விழுந்த பிறகும் பாட்டு மாறாமல் இருந்ததா என்பதே நாம் பார்க்க வேண்டியது.

மாறவில்லை. வல்லரசுகள் உலகைப் பாகம் பிரித்துக்கொள்ளும் காட்சியை 2004-ஆம் ஆண்டுத் தொகுப்பில் பாடினார். 2007-ஆம் ஆண்டுத் தொகுப்பில், எங்கள் நாட்டுக்குள் நீங்கள் தடையின்றி வருகிறீர்கள், உங்கள் எல்லைக் கதவுகளை எங்கள் பிள்ளைகளுக்குத் திறக்க மாட்டீர்களா என்று ஐரோப்பாவைக் கேட்டார். பெண் குழந்தைகளின் உறுப்பைச் சிதைக்கும் வழக்கத்துக்கு எதிரான பாட்டும் அதில் உண்டு. ஏகாதிபத்தியத்தைச் சாடுகிறவர் தம் மக்களின் கொடிய வழக்கத்தைப் பற்றி வாய்மூடி இருக்கவில்லை.

2007 டிசம்பரில் செனகல் தலைநகர் டாக்கரின் மேடையில், அந்நாட்டு அதிபர் பதவி விலக வேண்டும் என்று சொன்னார். செனகல் அவருக்குத் தடை விதித்தது. 2010-இல்தான் அது நீங்கியது. 2015-இல் காங்கோ நாட்டின் கின்ஷாசா விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். இடையில் ‘ஒரு கச்சேரி, ஒரு பள்ளி’ என்னும் முயற்சியைத் தொடங்கி, கச்சேரி வருவாயால் மேற்கு ஆப்பிரிக்காவின் சிற்றூர்களில் பள்ளிகள் எழ உதவினார். பின்னாளைய தொகுப்புகளில் கோரா, பலஃபோன் போன்ற ஜெலிகளின் பழைய கருவிகளை ரெகேத் தாளத்தோடு சேர்த்தார்.

வடார்க்காட்டிலிருந்து மூன்று பாதைகள்

தங்கவயலின் முதல் தலைமுறையினரில் பெரும்பாலோர் வடார்க்காட்டிலிருந்து வந்த நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. பஞ்சமும் சாதியும் துரத்த, தமிழகத்தின் நிலமற்றோரில் சிலர் இங்கே பூமிக்கடியில் இறங்கினர். சிலர் கப்பலேறி இலங்கை மலையில் ஏறினர். சிலர் சென்னைப் பட்டினத்துச் சேரிகளில் தங்கினர்.

மலையேறியவர்களுக்கு என்ன நேர்ந்தது? 1948-இல் இலங்கை விடுதலை பெற்ற சில மாதங்களிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தைவழி முன்னோர் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே பிறந்தவர்களுக்கு அந்தத் தாளை யார் கொடுத்தார்கள்? இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் நாடற்றவர் ஆனார்கள். 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்கு வைக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அப்படித் தேயிலை மலையில் உழைத்துத் திரும்பிய வள்ளியம்மாளின் பேரன்தான் பாடகர் அறிவு. ஊர், பழைய வடார்க்காட்டின் அரக்கோணம். பங்காருப்பேட்டையிலிருந்து சென்னைக்குப் போகும் ரயில் தொட்டுச் செல்லும் அதே அரக்கோணம். 2021 மார்ச்சில் வெளிவந்து உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்ட ‘என்ஜாய் எஞ்சாமி’யின் பின்னால் இருப்பது அந்தப் பாட்டியின் வாழ்க்கை. துள்ளலான தாளத்தைக் கேட்டு ஆடியவர்களுள் எத்தனை பேருக்கு அதன் அடியில் ஓடும் ஒப்பாரி கேட்டது? உழுதவருக்கும் நட்டவருக்கும் நிலமில்லாமற் போன கதையை, முன்னோரை அழைத்துச் சொல்லும் பாட்டு அது.

அதற்கு முன்பே, 2019-இல், அறிவு ‘தெருக்குரல்’ தொகுப்பில் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டைப் பாடினார்; ‘தேசவிரோதி’ என்று முத்திரை குத்தும் அரசியலைப் பாடினார். அதே ஆண்டின் இறுதியில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது, அதை எதிர்த்தும் அவர் குரல் எழுந்தது. பாட்டியிடம் கேட்கப்பட்ட தாளைப் பேரனின் தலைமுறையிடமும் கேட்கிறார்கள் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் அறிவும் ஒருவர். கானாவும் பறையும் ராப்பும் ராக்கும் கலந்த அந்தக் குழுவின் பெயர், பண்டிதர் அயோத்திதாசரின் ‘சாதியற்றவர்’ என்னும் சிந்தனையிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழை ஏந்திப் படித்தவர்கள் இந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளர்கள். மாரிக்குப்பத்தின் பௌத்த சங்கம் அவருக்குத் துணை நின்றது. அவர் 1914-இல் மறைந்த பிறகு ‘தமிழன்’ மீண்டும் வெளிவந்ததும், அவருடைய நூல்கள் அச்சேறியதும் தங்கவயலில்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்று பதியுங்கள் என அறிவுறுத்தியவர் அவர். அதிகாரத்தின் தாளில் அதிகாரம் சொல்லும் பெயரை எழுத மறுப்பதும் ஒரு போராட்டம் என்று அன்றே காட்டினார். இன்றைய இளைஞர்கள் சென்னை மேடையில் பாடும் சொல், ஒரு காலத்தில் இந்த ஊர் அச்சகத்தில் கோக்கப்பட்ட எழுத்து.

தம்மவர் ஆளும்போது

எந்தப் பாடகருக்கும் கடினமான சோதனை எதிரி ஆளும்போது வருவதில்லை; தம்மவர் ஆளும்போது வருகிறது. 2010 தேர்தலைத் தொடர்ந்த மோதலில், ஐ.நா. கணக்குப்படி ஏறத்தாழ 3,000 பேர் மாண்ட பிறகு, 2011-இல் ஐவரி கோஸ்ட்டின் ஆட்சி அலசான் ஊவத்தாராவிடம் வந்தது. ‘அயலான்’ என்று சொல்லித் தேர்தலில் நிற்கவே தடுக்கப்பட்ட வடபுலத்தவர் அவர். டிக்கென் ஜாவும் வடபுலத்தவர். பழைய ஜெலியாக இருந்தால் பரிசில் வாங்கிக்கொண்டு புகழ்பாடியிருக்கலாம். அவரோ இரு தரப்பையும் ஒப்புரவாக்கும் இசைப் பயணத்தில் பங்கேற்றார். 2020-இல் அதிபர் மூன்றாம் முறையாகப் பதவிக்குப் போட்டியிட்டபோது வெளிப்படையாக எதிர்த்தார். 2022-இல் வெளிவந்த அவரது தொகுப்பின் பெயர் ‘அதிகாரக் கொள்ளை’.

வடபுலத்தானை இழிவுபடுத்தியபோது வடபுலத்தானுக்காகப் பாடியவர், வடபுலத்தான் அரியணையில் அமர்ந்தபோது அரியணைக்கு எதிரே நின்றார். அவர் காத்தது ஒரு பகுதியின் பெருமையை அன்று, மனிதரின் உரிமையை.

இந்த இடத்தில் நம் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழ் ஏழைகளின் குடிசைகள் எரிந்தபோது, ‘அயலான்’ என்னும் சொல்லின் சூட்டைக் கர்நாடகத் தமிழர்கள் அறிந்தார்கள். நான்கு தலைமுறை உழைத்த மண்ணில் நீ எந்த ஊர் என்று கேட்கப்படும் வேதனை தங்கவயலுக்குப் புதிதன்று. ஆனால் திருப்பூர்ப் பின்னலாடைக் கூடத்திலும் சென்னைக் கட்டடப் பணியிலும் உழைக்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளியை ‘வடக்கன்’ என்று ஏளனமாக அழைப்பவர்களும் தமிழ் பேசுகிறவர்களே. கூலி குறைவதற்கு முதலாளி காரணமா, பக்கத்தில் நிற்கும் வேற்றுமொழித் தொழிலாளி காரணமா? ஐவரி கோஸ்ட்டில் கோக்கோ விலையை வீழ்த்தியவர்கள் பர்கினாவிலிருந்து வந்த கூலிகள் அல்லர். பழி மட்டும் அவர்கள் மேல் விழுந்தது. இவ்வாரிடே என்பதைக் கேட்டு முகம் சுளிக்கிற நாம், அதன் தமிழ்ப் பதிப்பைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகக் கூடாது.

தாள் கேட்கும் அரசியலும் ஓயவில்லை. 2019 ஆகஸ்டில் அசாமின் குடிமக்கள் பதிவேட்டில் 19 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விடுபட்டார்கள். 2025-இல் பீகாரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வெளியூரில் கூலி வேலை செய்பவர்களே முதலில் அஞ்சினார்கள். ஊர் ஊராகப் பிழைப்புத் தேடிப் போகிறவனிடம் இருக்கும் தாள் மிகக் குறைவு. பங்காருப்பேட்டை வழியாக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறும் தங்கவயல் இளைஞர்களுக்கும் இது அயலான் கதையன்று.

பாட்டும் அமைப்பும்

பாட்டால் எல்லாம் ஆகிவிடும் என்று சொல்ல இந்த உரை முயலவில்லை. டிக்கென் ஜா பாடத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆகியும், கோக்கோ விளைவிப்பவனின் கைக்கு வருவது சாக்லேட்டு விலையில் சிறு துணுக்கே. கானா, மாலி, பர்கினா ஃபாசோ, அவருடைய ஐவரி கோஸ்ட் ஆகிய நாடுகளில் இன்றும் பன்னாட்டுக் கம்பெனிகள் தங்கம் தோண்டுகின்றன. அவர் பாட்டில் ஆப்பிரிக்க ஒற்றுமை உரக்க ஒலிக்கிறது. ஆப்பிரிக்காவுக்குள்ளேயே உள்ள வர்க்கப் பிளவு அத்தனை தெளிவாக ஒலிப்பதில்லை. தலைவர்களை விலகச் சொல்வதற்கும், விலகிய இடத்தில் யாருடைய ஆட்சி அமைய வேண்டும் என்று சொல்வதற்கும் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியை நிரப்புவது அமைப்பின் வேலை. அதைப் பாடகர் தலையில் சுமத்துவது நியாயமன்று.

பாட்டையும் சந்தை தோண்டி எடுத்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. உலகம் முழுவதும் ஒலித்த ‘என்ஜாய் எஞ்சாமி’யால் தங்களுக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் பகிரங்கமாகச் சொன்னார். அப்பாட்டில் அறிவுக்குரிய இடம் விடுபடுகிறதே என்ற விவாதமும் எழுந்து அடங்கியது. இதன் பொருளைத் தங்கவயல் சொல்லாமலே அறியும். இந்த மண்ணிலிருந்து ஏறத்தாழ 800 டன் தங்கம் போனது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறை வெடிக்கும் ஆழத்தில் அதை எடுத்தவர்கள், சுரங்க வாயிலில் உடல் சோதனைக்கு நின்றுவிட்டுத் தட்டி வீட்டுக்குத் திரும்பினார்கள். நெஞ்சில் கல்தூசியை மட்டும் கொண்டுபோனார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் போனது, சயனைடு மண்மேடு மட்டும் இங்கே இருக்கிறது.

ஆனாலும் பாட்டு தங்கத்தைப் போன்றதன்று. எடுத்த பிறகும் எடுத்தவரிடமே மிஞ்சுவது அது, அவர் அதை மறக்காத வரையில். 1946 நவம்பர் 4 அன்று துப்பாக்கிச் சூட்டில் இந்த ஊரில் ஆறு தொழிலாளர்கள் வீழ்ந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அவர்களை நினைக்கும்போது பெயர்களைப் படிக்கிறோம். அந்நாளில் அவர்கள் வீடுகளில் எழுந்த ஒப்பாரி எது? பாறை வெடித்துப் பிணம் மேலே வரும்வரை சுரங்க வாயிலில் காத்து நின்ற பெண்கள் என்ன பாடினார்கள்? வேலைநிறுத்த நாள்களில் பசித்த பிள்ளைகளுக்கு எந்தத் தாலாட்டு? இவற்றை அறிந்தவர்கள் இன்னும் சிலர் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும் உரிகத்திலும் ஆண்டர்சன்பேட்டையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயது எழுபதுக்கும் எண்பதுக்கும் மேல்.

ஆகவே இந்த மாலை கைதட்டலோடு முடிய வேண்டாம். இளைஞர்களே, உங்கள் கைப்பேசியில் பதிவுக் கருவி இருக்கிறது. அடுத்த ஞாயிறு முதல் வீடு வீடாகச் செல்லுங்கள். பாட்டியிடம் பாட்டைக் கேளுங்கள். பாடியவர் பெயர், ஊர், கணவரோ தந்தையோ இறங்கிய சுரங்கத்தின் பெயர் ஆகியவற்றை அவர் சம்மதத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் மட்டுமன்று, தெலுங்கில் பாடுபவரும் கன்னடத்தில் பாடுபவரும் இங்கே உண்டு, அவர்களையும் கேளுங்கள். பாட்டின் உரிமை பாடியவருக்கும் இந்த ஊருக்கும் என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். சங்கத்தின் அலமாரியில் அது இருக்கட்டும்.

நீ யார் என்று நாளை யாரேனும் மறுபடியும் கேட்டால், அடையாள அட்டையோடு சேர்த்து எடுத்துக்காட்ட அந்த ஏடும் நம்மிடம் இருக்கும்.